பருப்பு வேகாத தண்ணீரில் பச்சை பிடித்த செடிகள்

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. வேலூர் சத்துவாச்சாரியில் மலையடிவாரத்துப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சோப்பு நுரைக்காது. குழாய் வாயில் வெள்ளைக் காரை கட்டும். வாளியின் உட்புறம் ஆறு மாதத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். சமைக்க மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் என்று மூன்று தண்ணீரோடு குடும்பம் நடத்துகிறோம். இந்த மூன்றில் எதை மீன் தொட்டியில் ஊற்றப்போகிறேன் என்று யோசிக்காமலேயே நான் செடி வாங்கப் போய்விட்டேன்.

தொட்டி இலவசமாக வந்தது. கோவைக்கு மாற்றலாகிப் போன அலுவலக நண்பர் பொங்கலுக்கு முந்தைய வாரம் அதை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கணக்குப்படி 70 லிட்டர் பிடிக்க வேண்டும். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 55 லிட்டர்தான் நிற்கிறது. கூடவே ரோஜா நிறத்தில் நான்கு பிளாஸ்டிக் செடிகளும் வந்தன. என் மகள் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பா, நிஜச் செடி வைத்தால் என்ன?" என்றாள். அன்று மாலையே கடைக்குப் போனோம்.

ஆறு வகை வாங்கினோம், 780 ரூபாய். ஊதாவும் சிவப்பும் கலந்து மினுமினுத்த ஒரு செடி, பச்சையில் வெள்ளைக் கோடு ஓடிய ஒன்று, தரையில் புல்வெளி போலப் படரும் என்று சொல்லப்பட்ட ஒரு சிறு கிண்ணம், கபொம்பா ஒரு கட்டு, ஓர் அமேசான் வாள்செடி, கட்டைவிரல் நீளத்தில் ஓர் அனுபியாஸ். "எல்லாமே தண்ணீரில் நன்றாக வரும் சார்" என்றார் கடைக்காரர்.

வெள்ளைக் கோட்டுச் செடி பத்து நாள் பளபளவென்று நின்றது. பிறகு அடியிலிருந்து ஒரு வழவழப்பு ஏறத் தொடங்கியது. மூன்றாவது வாரம் தண்டை இரண்டு விரலால் பிடித்தால் தோல் மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்தது சாக்கடை வாடை. அது கல்யாண மண்டப வாசலில் பூந்தொட்டியில் வைக்கும் டிரசீனா. ஊதாச் செடி ஹெமிகிராஃபிஸ். கேரளத்தில் முறிகூட்டி என்று சொல்லிக் காயத்துக்கு அரைத்துப் பூசுவார்களே, அதே இனம். இரண்டும் தரைச் செடிகள். வேர் மட்டும் நனைந்தால் பிழைத்துக் கிடக்கும். இலையும் மூழ்கினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும், ஆனால் உடனே சாகாது. வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு வாரம் ரசிக்கும்வரை தாக்குப்பிடிக்கும் என்பதால்தான் இவை மீன் கடைகளில் ஓயாமல் விற்கின்றன.

இப்போது கடையில் நான் செய்யும் முதல் வேலை, செடியைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கிப் பார்ப்பது. நீருக்குள்ளேயே வளர்ந்த செடி வெளியே வந்ததும் நனைந்த நூல்போலத் துவண்டு தொங்கும். அதற்கு முதுகெலும்பு தண்ணீர்தான். தரைச் செடி விறைப்பாக நிற்கும். இலையில் விழுந்த துளி முத்தாக உருண்டு ஓடினால் சந்தேகம் உறுதி. இந்தச் சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. அனுபியாஸ், கிரிப்டோகோரைன் போன்றவை சதுப்பு நிலச் செடிகள். பண்ணைகளில் இவற்றை நீருக்கு வெளியே, ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். அவையும் விறைப்பாகத்தான் நிற்கும், ஆனால் மூழ்கினாலும் பிழைக்கும். இந்த இரண்டின் முகத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

புல்வெளிக் கிண்ணத்தைப் பற்றி நீட்ட எதுவும் இல்லை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் நல்ல வெளிச்சமும் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். என்னிடம் அது நூல்பாசிக்குத்தான் புல்வெளியானது. கபொம்பா ஊசி ஊசியாக உதிர்ந்து ஃபில்டர் ஸ்பாஞ்சை அடைத்தது. வாள்செடி நல்ல செடிதான், ஆனால் ஓர் அடிக்கு மேல் வளரும். நான்கு அடித் தொட்டி வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

மிஞ்சியது அனுபியாஸ். அதையும் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டேன். செடி என்றால் மண்ணில் புதைக்க வேண்டும் என்ற ஊர் வழக்கப்படி, அதன் தண்டை மணலுக்குள் அழுத்தி நட்டிருந்தேன். அனுபியாஸின் தண்டு இஞ்சியைப் போலக் கிடையாக ஓடும். மேலே இலை, கீழே வேர். வேர் மணலுக்குள் போகலாம், தண்டு போகக் கூடாது. ஒரு மாதம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தபோது புதைந்திருந்த பாதி பழுப்பாகிக் குழைந்திருந்தது. சவர பிளேடால் கெட்ட பகுதியை வெட்டி, உள்ளே பச்சை தெரியும்வரை சீவினேன். மிச்சம் ஒன்றரை அங்குலமும் மூன்று இலையும். உள்ளங்கை அளவு கருங்கல் ஒன்றை எடுத்து, கறுப்புத் தையல் நூலால் நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். நூலை இறுக்கினால் தண்டு வெட்டுப்படும், தளர விட்டால் மீன் இழுத்துவிடும். செடி ஆடாமல் நின்றால் போதும். மூன்று மாதத்தில் வேர் கல்லைக் கவ்விக்கொண்டது. நூல் இன்னமும் அங்கேதான் இருக்கிறது, எடுக்க மனம் வரவில்லை.

780 ரூபாயில் 700 ரூபாய் மண்ணோடு போன பிறகு, 250 ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். போர் தண்ணீர் லிட்டருக்கு 1,240 மில்லிகிராம் காட்டியது. மாநகராட்சித் தண்ணீர் 360. கேன் தண்ணீர் 60. மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான் சொல்லும், அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதைத்தான் பருப்பு ஏற்கெனவே சொல்லிவிட்டதே! ஒரு வாளி போர் தண்ணீரும் இரண்டு வாளி மாநகராட்சித் தண்ணீரும் கலந்தால் 650 வந்தது. எந்த வாரமும் கிடைக்கக்கூடிய தண்ணீர் இதுதான். செடிக்காகத் தண்ணீரை மாற்ற முயன்றால் வாழ்நாள் முழுக்க கேன்காரருக்குக் காசு கொடுக்க வேண்டும். இந்தத் தண்ணீருக்கு ஒத்துவரும் செடியைத் தேடுவது மலிவு.

மாசியில் காவேரிப்பாக்கத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த ஊர் ஏரி வட ஆற்காட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. மதகுக்குக் கீழே கால்வாயில் முழங்காலளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரின் போக்கில் நாடா நாடாவாகப் பச்சை இலைகள் சாய்ந்து ஆடின. என் மைத்துனன் அந்தக் கால்வாயில் இருபது வருடமாகக் கால் கழுவுகிறவன். அவனுக்கு நீரில் இருக்கும் பச்சை எல்லாமே பாசி.

"அந்தப் பாசியை எதற்கு மாமா மடித்து எடுத்துக்கொள்கிறீர்கள்?"

"இதைத்தான் கடையில் கட்டு 60 ரூபாய்க்கு விற்கிறார்கள்."

அவன் ஏரியை ஒரு புது மரியாதையோடு திரும்பிப் பார்த்தான்.

நாடா இலைச் செடி வாலிஸ்னேரியா. பக்கத்தில் புதராகக் கிடந்தது ஹைட்ரில்லா. பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்துச் சோதனைக் குழாயில் ஆக்சிஜன் பிடித்துக் காட்டுவார்களே, அந்தச் செடி. வாலிஸ்னேரியாவில் ஆறு தூர், ஹைட்ரில்லாவில் ஒரு கை, கரையோர வண்டல் அரை வாளி. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தொட்டியை முழுதாகக் காலி செய்து மறுபடி தொடங்கினேன். வண்டலைச் சல்லடையில் சலித்து, சருகும் வேரும் நீக்கி, அடியில் ஓர் அங்குலம் பரப்பினேன். அதன் மேல் வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணல் இரண்டு அங்குலம். மணலை எட்டுத் தடவை கழுவினேன். கழுவும் முன் ஒரு கைப்பிடி மணலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பார்த்தேன். அங்கங்கே இரண்டு மூன்று இடத்தில் நுரைத்தது. கிளிஞ்சல் துணுக்கோ சுண்ணாம்புக் கல்லோ இருக்கிறது என்று பொருள். மென்மையான தண்ணீர் வைத்திருப்பவர்கள் அப்படிப்பட்ட மணலை ஒதுக்க வேண்டும். எங்கள் தண்ணீரே கரைத்த சுண்ணாம்பு, அதற்குக் கூடுதலாக ஒரு சிட்டிகையால் என்ன குறைந்துவிடும்? எம்-சாண்ட் மட்டும் வேண்டாம். கல்மாவு பத்து முறை கழுவினாலும் தீராது.

வாலிஸ்னேரியாவை நாற்று நடுவதுபோல நட வேண்டும். வேர் உள்ளே, தூர் வெளியே. இலைகள் சேரும் வெள்ளைக் கழுத்து மணலுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். மிதந்துவிடுமோ என்ற பயத்தில் ஐந்து தூரைக் கழுத்துவரை புதைத்தேன். ஆறாவது, மணலில் சரியாக நிற்காமல் சாய்ந்து கிடந்தது. புதைத்த ஐந்தும் அழுகின. சாய்ந்தது பிழைத்தது. அதுவும் இரண்டு வாரம் இலையெல்லாம் கண்ணாடியாகி உருகியது. வயலில் நடவு போட்ட நாற்று வெளிறி நின்று பிறகு பச்சை பிடிப்பதில்லையா, அதே கணக்குதான். ஐந்தாவது வாரம் தூரின் பக்கத்திலிருந்து வெள்ளைக் கம்பிபோல ஓர் ஓடுதண்டு மணலைத் தடவிக்கொண்டு கிளம்பி, நான்கு விரற்கடை தள்ளி ஒரு கன்றை ஊன்றியது. அந்தக் கன்று அடுத்ததை ஊன்றியது. ஆடி வருவதற்குள் பின் கண்ணாடி முழுக்கத் திரை விழுந்ததுபோல் ஆகிவிட்டது.

இந்தச் செடிக்கு எங்கள் தண்ணீர் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான செடிகளுக்கு நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு வேண்டும். தொட்டியில் நின்ற போர் தண்ணீரில் அது மிகக் குறைவு, பைகார்பனேட் மட்டும் கொட்டிக் கிடக்கிறது. வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் அந்தப் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவை. எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் சுண்ணாம்பு இலை மேலேயே படியும். மதியம் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது ஹைட்ரில்லா இலையை விரலால் தேய்த்துப் பாருங்கள், சொரசொரவென்று வெள்ளைப் பொடி வரும். பூஞ்சை என்று நினைத்து நான் ஒரு முறை பாதியைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். நம் வீட்டுக் குழாய் வாயில் கட்டும் காரைதான் அது.

ஏரிச் செடியோடு ஒரு விருந்தாளியும் வந்திருந்தது. சித்திரை பிறந்தபோது தொட்டியில் 14 கப்பி மீன் குஞ்சுகள் இருந்தன. மகள் தினமும் எண்ணுவாள். 11 ஆனது, 8 ஆனது, பிறகு 5. தாய் மீன்தான் தின்கிறது என்று அதன்மேல் பழி போட்டோம். ஒரு நாள் இரவு கைவிளக்கு அடித்துப் பார்த்தபோது ஹைட்ரில்லாத் தண்டில் சேற்று நிறத்தில் ஆறு காலோடு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு குஞ்சு பக்கத்தில் வந்தது. அந்தப் பூச்சியின் முகத்திலிருந்து மடக்கி வைத்திருந்த கை நீள்வதுபோலக் கீழ்த்தாடை பாய்ந்து, குஞ்சைக் கவ்வி, மறுபடி மடங்கிக்கொண்டது. கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. தட்டான்பூச்சியின் நீர்ப் பருவம் அது. குழந்தைகள் வாலில் நூல் கட்டி விளையாடும் தட்டான் குழந்தைப் பருவத்தில் இவ்வளவு பொல்லாதது என்பது மகளுக்கு அதிர்ச்சி.

அதிலிருந்து ஏரியிலிருந்து வந்தாலும் கடையிலிருந்து வந்தாலும் செடிக்கு முதலில் படிகாரக் குளியல்தான். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி படிகாரத் தூள், இரண்டு மணி நேரம் ஊறல். பிறகு நன்றாக அலசி, பத்து நாள் மொட்டை மாடி நிழலில் தனி வாளியில் வாசம். நத்தைகளில் பெரும்பாலானவை படிகாரத்தில் தீரும். மற்றவை வாளியில் கண்ணில் பட்டுவிடும்.

கத்திரி வெயில்தான் நிஜமான தேர்வாளர். வேலூரில் வெளியே 41, 42 டிகிரி அடிக்கும்போது கூடத்தில் இருந்த தொட்டி 33.5 காட்டியது. பழைய கணினியிலிருந்து கழற்றிய இரண்டு சின்ன மின்விசிறிகளை 12 வோல்ட் அடாப்டரில் இணைத்து, நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படும்படி மரச்சட்டத்தில் பொருத்தினேன். 30.5-க்கு இறங்கியது. மண்பானைத் தத்துவம்தான், நீர் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகிறது. ஆனால் நாளுக்கு 2 லிட்டர் குறைந்தது, அதைப் போர் தண்ணீரால் ஈடுகட்டினேன். இரண்டு வாரம் கழித்து மீட்டரை விட்டால் 1,300! ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு குவளை போர் தண்ணீரும் மேலும் உப்பைச் சேர்க்கிறது. ஆவியான இடத்தை நிரப்ப மட்டும் கேன் தண்ணீர், வாராந்திர மாற்றத்துக்குக் கலவை என்று அன்று பிரித்ததை இன்றுவரை மாற்றவில்லை. "மீனுக்கு கேன் தண்ணீர், சமையலுக்குக் குழாய்த் தண்ணீரா?" என்று அம்மா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

வெயில் காலத்தில் இன்னொன்று. இரவில் மின்சாரம் போனால் செடி நிறைந்த தொட்டிதான் முதலில் திணறும். இருட்டில் செடியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும். சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. ஒரு நள்ளிரவில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாய் பிளந்ததைப் பார்த்துவிட்டு, குவளையால் ஒரு மணி நேரம் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஹைட்ரில்லாவை முழுவதுமாக எடுத்துவிட்டேன். தொடக்கத்தில் பாசியை ஒடுக்க அதைப்போல உதவும் செடி இல்லை. ஆனால் வாரம் இரண்டு முறை கத்தரிக்க வேண்டிய விருந்தாளி அது. எடுத்ததை மாடியில் மொறுமொறுவென்று காயவைத்து ரோஜாத் தொட்டியில் போட்டேன். கடைச் செடி எதையும் சாக்கடையிலோ ஏரியிலோ வீசாதீர்கள். ஆகாயத்தாமரையும் வெங்காயத்தாமரையும் நம் ஏரிகளை மூடிக் கிடப்பது போதும்.

இடையில், சித்திரை கடைசியில், காட்பாடியில் ரயிலேறி சென்னை பெரம்பூரில் இறங்கி கொளத்தூர் போய்வந்தேன். வண்ண மீன் கடைகள் தெருத் தெருவாக இருக்கும் இடம். பணப்பையை வீட்டிலேயே பாதி வைத்துவிட்டுப் போவது நல்லது. கிரிப்டோகோரைன் வெண்டியை நான்கு, ஜாவா ஃபெர்ன் ஒன்று, ஹைக்ரோஃபிலா ஒரு கட்டு. வெண்டி இலங்கையைச் சொந்த ஊராகக் கொண்டது. வெயிலும் சுண்ணாம்பும் அதற்குப் புதிதல்ல. நட்ட எட்டாம் நாள் ஒரு இலைகூட இல்லாமல் உருகியது. இந்தச் செடிக்கு இது பிறவிக் குணம். இடம் மாறினால் கோபித்துக்கொண்டு உடையைக் களைந்துவிடும். பிடுங்காமல் விட்டால் வேரிலிருந்து மறுபடி வரும். பிடுங்கிப் பார்க்கத் துடித்த கையை மகள்தான் தடுத்தாள். 24-ஆம் நாள் மணலில் பழுப்பு நிறத்தில் அரிசி முனை அளவு ஒரு கொழுந்து தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தூரின் அடியிலும் கோலிக்குண்டு அளவு செம்மண் உருண்டை ஒன்றை ஆழப் புதைத்தேன். காரத்தன்மை உள்ள நீரில் பாட்டில் இரும்புச் சத்தை ஊற்றினால் அது சீக்கிரமே பயன்படாமல் போகிறது. மணலுக்கடியில் காற்றுப் படாத இடத்தில் செம்மண்ணின் இரும்பு கரைந்து வேருக்குக் கிடைக்கிறது.

ஜாவா ஃபெர்ன் 32 டிகிரிக்கு மேல் கறுத்துப்போனது. எல்லோரும் புகழும் செடி, எனக்கு வாய்க்கவில்லை. ஹைக்ரோஃபிலா செழித்தது, ஆனால் முதிர்ந்த இலைகளில் குண்டூசி குத்தியதுபோல் ஓட்டைகள். சாம்பல் சத்துக் குறை. உரக்கடையில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கால் கிலோ வாங்கி, வாரம் 1 கிராம் கரைத்து ஊற்றினேன். பழைய ஓட்டை ஆறாது, புது இலையில் வரவில்லை. கால் கிலோ கிட்டத்தட்ட ஐந்து வருடத்துக்கு வரும். வயல் வரப்பில் மைத்துனன் பிடுங்கிக் கொடுத்த நீர்ப்பிரம்மி முன்வரிசையில் மெதுவாக, ஆனால் ஒரு குறையும் சொல்லாமல் நிற்கிறது. விளக்கு 20 வாட், டைமர் போட்டு 7 மணி நேரம். 12 மணி நேரம் எரியவிட்ட நாட்களில் செடியைவிடப் பாசிதான் நன்றி சொன்னது.

ஐப்பசி மழை தொடங்கி மின்விசிறியைக் கழற்றிய வாரம், காலையில் மகள் பல் துலக்கியபடியே கத்தினாள். வாலிஸ்னேரியாத் திரைக்குள்ளிருந்து ஸ்பிரிங் கம்பிபோலச் சுருண்ட ஒரு காம்பு மேலே வந்து, நுனியில் எள்ளளவு வெள்ளைப் பூவை நீர்ப்பரப்பில் வைத்திருந்தது. பாடப் புத்தகத்துப் படம் அப்படியே. பெண் பூ. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு இந்த இனத்தில். ஆண் பூக்கள் கழன்று மிதந்து வந்து பெண் பூவைச் சேர வேண்டும். எங்கள் தொட்டியில் இருப்பதெல்லாம் சாய்ந்து கிடந்து பிழைத்த அந்த ஒற்றைத் தூரின் கன்றுகள். ஒன்று விடாமல் பெண்.

மைத்துனனிடம் தொலைபேசியில் சொன்னேன். "மாப்பிள்ளை இங்கே கால்வாயில்தான் இருப்பான் மாமா, பொங்கலுக்கு வரும்போது அழைத்துப் போங்கள்" என்றான். அழைத்து வரத்தான் போகிறேன். படிகாரத்தில் இரண்டு மணி நேரம், வாளியில் பத்து நாள், அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள்.